தீனைக் குறைத்தால் லாபமா?

புரொய்லர் வளர்க்கும் தோட்டத்து வீடுகளில் நாம் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: “தீன் விலை தாங்க முடியல்ல, அரை வயித்துக்குப் போட்டோம், நிறை கூடவேயில்ல.” கோழியைக் குறை சொல்லிப் பயனில்லை.

புரொய்லர், தின்று வளரவென்றே உருவாக்கிய இனம். வயிறு நிறையப் போட்டால் ஆறு கிழமையில் 2 கிலோவைத் தாண்டும். தின்பதில் ஒரு பங்கு உயிரையும் உடம்புச் சூட்டையும் காக்கவே போய்விடும், மிச்சம்தான் இறைச்சி. தினமும் குறைத்தால் மிச்சம் எங்கே? ஊர்க்கோழி வேறு. லயத்தைச் சுற்றிக் கிளறி, மாலையில் ஒரு பிடி குருணலோடு வளரும். ஆனால் ஒன்றரைக் கிலோவுக்கு ஐந்தாறு மாதம் பொறுக்க வேண்டும்.

அளவாகக் குறைப்பதில் நன்மையும் உண்டு. பண்டாரவளை, அப்புத்தளை போன்ற உயரமான குளிர் இடங்களில், வேகமாக வளரும் புரொய்லருக்கு இருதயம் ஈடுகொடுக்காமல் வயிற்றில் நீர் கட்டும், செத்தும் போகும். இரண்டாம் கிழமையில் மட்டும் ஐந்தாறு நாள், இரவில் தீன் தட்டை எடுத்து வைத்தால் இந்தச் சாவு குறையும். பிறகு நிறையப் போடுங்கள். விட்ட நிறையில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். தண்ணீரை மட்டும் ஒருநாளும் குறைக்க வேண்டாம். குளிருக்குச் சாக்கு கட்டினாலும் மேல்பக்கம் காற்றுக்கு வழி விடுங்கள்.