மெருகும் மெழுகும்

தமிழில் மெருகு, மெழுகு என்று ஓசையால் நெருங்கிய இரண்டு சொற்கள் உண்டு. பொற்கொல்லர் நகையைத் தேய்த்துத் தேய்த்து ஒளி பெறச் செய்வது மெருகு. வீட்டுத் தரையில் சாணத்தைக் கரைத்துப் பூசுவது மெழுகுதல். ஒன்று தேய்த்தெடுக்கும் வேலை; மற்றொன்று மேலே பூசும் வேலை. மோட்டார் காரின் வர்ணத்தை வீட்டிலேயே பேண விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியதெல்லாம் இவ்விரண்டு சொற்களின் வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது. கடைகளில் பாலிஷ் என்றும் வாக்ஸ் என்றும் விற்கப்படும் இரண்டு டப்பாக்களையும் ஒன்றெனவே கருதுவோர் பலர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு கருதியவனே. அதற்கு நான் கொடுத்த விலையைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

இக்காலத்துக் காரின் தகட்டின்மேல் இருப்பது ஒரே பூச்சு அன்று. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் இடைப்பூச்சு, அதன்மேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றிற்கும் மேலாக நிறமற்ற மேற்பூச்சு எனப் பல அடுக்குகள் உள்ளன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூற்றுக்கு மைக்ரான் என்று பெயர். மேற்பூச்சின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரையே. நம் தலைமயிர் ஒன்றின் கனமோ ஏறத்தாழ 70 மைக்ரான். ஆகவே, காரின் பொலிவைத் தாங்கி நிற்பது மயிரினும் மெல்லியதோர் ஏடு. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்களும் அதிலேயே கலந்திருக்கின்றன. அது தேய்ந்தொழிந்தால் அடியிலுள்ள நிறமும் விரைவில் வெளிறிவிடும்.

பொலிவு எவ்வாறு குன்றுகிறது? காற்றடங்கிய காலை வேளையில் தெப்பக்குளத்து நீரில் கோபுரம் தெளிவாகத் தெரிகிறது. சிற்றலை எழுந்ததும் அவ்வுருவம் சிதறுகிறது. வர்ணத்தின் நிலையும் அதுவே. பரப்பு சமமாக இருக்கும்வரை ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது. நுண்ணிய கீறல்கள் நிறைந்ததும் ஒளி பல திசைகளில் சிதறி, வர்ணம் மங்கித் தோன்றுகிறது. இக்கீறல்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்குகிறவர்கள் நாமே. தெருப்புழுதியில் உள்ள மணல்துகள் வர்ணத்தைவிடக் கடினமானது. காலையில் உலர்ந்த துணியால் காரைத் துடைப்பவர் தம்மை அறியாமலே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்.

மெருகுக் குழம்பில் இருப்பதும் மிக நுண்ணிய அரைதூளே. அது கீறலாகிய பள்ளத்தைத் தூர்ப்பதில்லை. சுற்றிலும் உள்ள மேட்டைக் குறைத்துப் பள்ளத்தோடு சமமாக்குகிறது. எனவே ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் அம்மெல்லிய ஏட்டில் ஒரு பகுதி செலவாகிறது. செலவானது திரும்பி வருவதில்லை.

இதனை அறியாமல் நான் செய்த பிழை இது. என் தந்தையார் பல ஆண்டுகள் போற்றி வந்த கார் ஒன்று என் கைக்கு வந்தது. அதன் பானட்டின் மடிப்பு விளிம்பில் ஒரு கீறல் இருந்தது. கடினமான மெருகுக் குழம்பையும், இரவலாகப் பெற்ற சுழல் இயந்திரத்தையும் கொண்டு அதனை ஒழிக்கப் புகுந்தேன். விளிம்பில் பூச்சு மற்ற இடங்களைவிட மெல்லியது என்பதும், இயந்திரத்தின் அழுத்தம் முழுவதும் அங்கேயே குவியும் என்பதும் எனக்குத் தெரியாது. சில நொடிகளில் பஞ்சுத் திண்டில் காரின் நிறம் ஒட்டியிருக்கக் கண்டேன். தந்தையார் வந்து பார்த்தார். “முன்பு கீறல் மட்டும் இருந்தது, இப்போது கீறலும் இல்லை, வர்ணமும் இல்லை” என்றார். பானட் முழுவதையும் பட்டறையில் மீண்டும் பூச நேர்ந்தது.

இனி, முறையைக் காண்போம். வேலையை நிழலிலே, தகடு குளிர்ந்திருக்கும் காலையிலே தொடங்குக. இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் காருக்குரிய ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் துணியை அலசத் தூய நீர். முதலில் புழுதி போகுமாறு நீரை ஊற்றிவிட்டு, மேற்கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவுக. சேறு மிகுந்த அடிப்பகுதியை இறுதியாக வைத்துக்கொள்க. பாத்திரம் துலக்கும் சோப்பு முன்பு பூசிய மெழுகையும் அகற்றிவிடுமாதலால் அதனை ஒதுக்குக. நீரைத் தானே உலர விடலாகாது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் உலர்ந்தால் வெண்புள்ளிகளை விட்டுச் செல்லும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்தல் நன்று.

பின்னர், கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு வர்ணத்தை மெல்லத் தடவிப் பார்க்க. சொரசொரப்புத் தட்டினால், கழுவியும் போகாத அழுக்கு ஒட்டியிருக்கிறது என்பது பொருள். அதனை நீக்க, இதற்கென விற்கும் களிக்கட்டியை, அதற்குரிய வழுக்குநீர் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் அதன்மீது இரக்கம் வேண்டாம்; எறிந்துவிடுக. ஒட்டிய மணல் புதிய கீறல்களை உண்டாக்கும்.

மெருகு தேவைதானா என்பது அடுத்த கேள்வி. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க. நகம் சிக்கினால் அக்கீறல் ஆழமானது. அதனைத் துரத்த வேண்டாம். நகம் சிக்காத நுண்கீறல்களே மெருகுக்கு உரியவை. விளிம்புகள், மடிப்புகள், ரப்பர்ப் பகுதிகள் ஆகியவற்றின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுக. ஓரிடத்தில் இரண்டடிச் சதுரத்தைத் தேர்ந்து, உள்ளவற்றுள் மிக மென்மையான குழம்பைச் சிறிதளவு பஞ்சுத் திண்டில் இட்டு, கையாலேயே ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு சீராகத் தேய்த்துத் துடைத்துப் பார்க்க. அது போதுமானால் அதனோடு நிற்க. போதாதபோதுதான் அடுத்த வலிமையை நாடுக. மேற்பூச்சு இல்லாத சில பழைய கார்களில் துணியில் நிறம் ஏறுவது இயல்பு. மேற்பூச்சு உள்ள காரில் நிறம் ஏறினால் உடனே நிறுத்துக. பளபளப்பு இல்லாத மங்கல் வர்ணம் பூசிய கார்களை மெருகிடவே கூடாது.

மெருகுக்குப் பின் மெழுகு. இவ்வகையில் புகழ்பெற்றது கார்னாபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில், வெயிலில் ஈரம் வற்றாமல் காத்துக்கொள்ள அம்மரமே சுரக்கும் மெழுகு இது. ஓலைகளை உலர்த்தி, மேலிருக்கும் தூளை உதிர்த்துச் சேகரிப்பர். 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான் இது உருகும். தனியே பூச இயலாத அளவு கடினமானதால், எண்ணெயும் கரைப்பானும் கலந்தே கடைக்கு வருகிறது. மரத்தின் ஓலையைக் காத்தது நம் காரையும் காக்கிறது.

மெழுகை மிக மெல்லியதாகவே பூச வேண்டும். தடித்துப் பூசுவதால் காப்பு மிகுவதில்லை. துடைக்கும் உழைப்பே மிகும். சிறிது நேரத்தில் அது பனி படர்ந்தாற்போல் வெளுக்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்க. கோடு தெளிவாகத் தெரிந்தால், தூய துணியால் துடைத்தெடுக்கலாம். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பித்தல் நன்று. மேலே விழும் நீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவி நிற்கத் தொடங்கினால் மெழுகு தேய்ந்தது என்று அறிக. செயற்கைக் காப்புப் பூச்சுகள் மேலும் நெடுநாள் நிற்பவை. ஆயினும் அவற்றைக் கடந்தும் காக்கையின் எச்சம் வர்ணத்தை அரிக்கும். அதனைக் கண்டவுடன் நீரால் ஊறவைத்து அகற்றுவதே சிறந்தது.

கழுவுதல் வாரந்தோறும், மெழுகு பருவந்தோறும், மெருகு தவிர்க்க முடியாதபோது மட்டும். இவ்வரிசையை மாற்றாதவரின் கார் நெடுநாள் பொலிவோடிருக்கும். மீண்டும் வர்ணம் பூசப்பட்ட எங்கள் காரில் இன்று சில மெல்லிய கீறல்கள் உண்டு. மாலை வெயிலில் அவை தெரிகின்றன. அவற்றை நான் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.