மூணு கை மாறும் ஃபைல்: ஸ்பீடா, பாதுகாப்பா?

"டார் போட்டு டோரன்ட் இறக்கினா யாருக்கும் தெரியாது." ஹாஸ்டலில் ஒரு பேட்ச் அடுத்த பேட்சுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. கூடவே இன்னொரு வரியும் வரும்: "ஆனா ஸ்பீடு சுத்தமா வராது." இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மை. எது, ஏன் என்று பார்ப்போம்.

கிருமாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நண்பருக்கு ஒரு கடிதம் அனுப்பணும்னு வைங்க. கடலூர் ரோட்டில் நேரா பஸ் ஏறினா வேலை முடிஞ்சுது. ஆனால் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று வழியில் யாருக்கும் தெரியக்கூடாது. அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கவர் போட்டு, பாகூரில் ஒருத்தரிடம் கொடுக்கிறீர்கள். அவர் வெளிக் கவரைப் பிரித்தால் உள்ளே "வில்லியனூர்" என்று மட்டும் இருக்கும். வில்லியனூர்க்காரர் பிரித்தால் "அரியாங்குப்பம்". அங்கே பிரித்தால்தான் நண்பரின் முகவரி. பாகூர்க்காரருக்கு உங்களைத் தெரியும், நண்பரைத் தெரியாது. அரியாங்குப்பத்துக்காரருக்கு நண்பரைத் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டு பேரையும் தெரியாது.

டார் செய்வது இதைத்தான். 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த யோசனை, 2002-ல் டார் ஆக வெளிவந்தது. கவருக்குப் பதில் என்க்ரிப்ஷன், ஊருக்குப் பதில் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் ரிலே கணினிகள்.

இப்போ ஸ்பீடு ஏன் அடிவாங்குதுன்னு ஒரு சின்ன கணக்கு. அனுப்புற கணினி 64 கேபி அனுப்பிட்டு, "வந்துடுச்சு" என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்த 64 கேபி அனுப்பும்னு வைங்க. போய்வர 50 மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு 1,280 கேபி. 700 எம்பி ஃபைல் பத்து நிமிஷத்துக்குள் முடிஞ்சிடும். கை மாறி கை மாறி போய்வர 1 நொடி ஆகிறது என்றால் நொடிக்கு வெறும் 64 கேபி. அதே ஃபைலுக்கு 3 மணி நேரம். உங்க வைஃபை நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லை. வழியில் இருக்கும் கணினிகளில் எது ரொம்ப ஸ்லோவோ, அதுதான் உங்க ஸ்பீடு.

ஆக, "ஸ்பீடு வராது" உண்மை. "யாருக்கும் தெரியாது" உண்மையில்லை. டார் வழியாக டோரன்ட் போடாதீங்கன்னு டார் திட்டத்தினரே 2010-ல் எச்சரித்தார்கள். டார் டிசிபி மட்டும்தான் சுமக்கும். பல டோரன்ட் மென்பொருள்கள் யுடிபி-யை டாருக்கு வெளியே நேராக அனுப்பிவிடும். சில, டிராக்கருக்கு அனுப்பும் தகவலுக்குள்ளேயே உங்க நிஜ ஐபி-யை எழுதிவிடும். மூணு கவர் போட்டு, உள்ளே கடிதத்தில் உங்க பேரையும் முகவரியையும் எழுதின கதை.

ஃபைல் பகிர்வுக்கு இன்னும் பொருத்தமானது ஐ2பி. 2003-ல் தொடங்கியது. இதில் டோரன்ட் மென்பொருள் கூடவே வரும். போகும் பாதை வேறு, வரும் பாதை வேறு. சாதாரணமா உங்க பக்கம் 3 ரிலே, எதிர்ப்பக்கம் 3 ரிலே, மொத்தம் 6. பதில் திரும்பி வர இன்னொரு 6. இங்கேதான் ஒரு ஆசை வரும். செட்டிங்ஸில் 3-ஐ 2, 1, ஏன் 0 வரைக்கும் குறைக்கலாம்.

குறைக்கும் முன் ஒண்ணு யோசிங்க. உங்க ரிலே உங்களை மட்டும்தான் மறைக்கும். எதிரில் இருப்பவரை அவருடைய ரிலே மறைக்கும். நீங்க 0 ஆக்கினால் 6 என்பது 3 ஆகும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவரின் 3 அப்படியேதான் இருக்கும். பாதை பாதிதான் குறையும், உங்க பாதுகாப்போ மொத்தமா போயிடும். 1 வைத்தால் அந்த ஒரே ரிலே இரண்டு பக்கத்தையும் பார்க்கும். வேகம் வேணும்னா ரிலேயைக் குறைக்காமல் டனல்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்க. டோரன்ட் துண்டு துண்டாகத்தான் வருது. நாலு பாதையில் மெதுவா வந்தாலும் சேர்ந்தால் வேகம்தான்.

அப்போ 3-க்குப் பதில் 10 வெச்சா? முதல் முனையையும் கடைசி முனையையும் ஒருத்தரே கவனித்தால், எவ்வளவு டேட்டா எந்த நேரத்தில் போச்சு என்பதை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். நடுவில் எத்தனை பேர் இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஸ்பீடு மட்டும் இன்னும் குறையும்.

விபிஎன்? அது ஒரே ஒரு கை. அதனால்தான் வேகம். ஆனால் அந்த ஒரு ஆளை முழுசா நம்பணும். இந்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், அவருக்குக் கொடுத்த ஐபி எல்லாவற்றையும் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. பக்கத்து சர்வரா, தூரத்து சர்வரா என்பதிலும் அதே பேரம்தான்.

இன்னொரு விஷயம். டாருக்குள் என்ன செய்றீங்கன்னு கேம்பஸ் நெட்வொர்க்குக்குத் தெரியாது. டாரில் இருக்கீங்கன்னு தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர் பரீட்சையைத் தவிர்க்க டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். அந்த நேரம் கேம்பஸ் வைஃபையில் டார் பயன்படுத்தியவர்களைத் தேடியே அவரிடம் வந்துவிட்டார்கள். கூட்டம் இருந்தால்தான் அதில் ஒளிய முடியும்.

அதனால் ஸ்லைடரைத் தொடும் முன் ரெண்டு கேள்வி. யாரிடமிருந்து மறைக்கிறேன்? தெரிந்துவிட்டால் எனக்கு என்ன ஆகும்? உபுண்டு ஐஎஸ்ஓ இறக்க மூணு கை தேவையே இல்லை, நேரா டோரன்ட் போடுங்க. அந்த ரிலேக்கள் யாரோ ஒருத்தர் சும்மா கொடுக்கும் பேண்ட்விட்த். ஆனால் ராகிங் வீடியோ ஆதாரத்தை ஒரு பத்திரிகையாளருக்கு அனுப்பணும் என்றால், கேம்பஸ் வைஃபையை விட்டு வெளியே வந்து, மூணு மணி நேரமானாலும் காத்திருங்க. ஸ்லைடரை நாளைக்கே 3-க்குத் திருப்பிவிடலாம். இன்னைக்கு ஒருத்தர் லாகில் பதிவான உங்க ஐபி-யைத் திருப்பி வாங்க முடியாது.