பழவேற்காட்டுக் கரையில் மண்வெட்டி எங்கே நிற்க வேண்டும்?

பழவேற்காட்டு ஏரி எங்கே முடிகிறது என்று கேட்டால், பட்டணத்து எஞ்சினீயர் காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டுவார். கோட்டைக்குப்பத்து மீனவரோ, கார்த்திகை வெள்ளம் எதுவரை ஏறுகிறதோ அதுவரை ஏரிதான் என்பார். மீனவர் சொல்வதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொணரும் மழைநீர், முகத்துவாரம் வழியே புகும் கடல்நீருடன் கலக்கும் உப்பங்கழி இது; இந்தியாவில் சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரியது. கரையோ தாம்பாளம்போல் தட்டையானது. நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்தால் வெகுதூரம் தண்ணீர் பரவிவிடும். ஆழமற்ற அந்த ஓரத்திலேதான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. இருளர் ஜனங்கள் பறியும் கையுமாகச் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதும் அங்கேதான். தோணி ஏற்றவும் வலை உலர்த்தவும் அந்த ஓரமே இடம். ஏரிக்குள் மீன்பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்னும் முறைப்படி, இன்றைக்கு இன்னார் என்று வகுத்துக்கொண்டு ஜீவித்து வரும் ஜனங்களுக்குக் கரையும் பொதுச் சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது. சர்க்கார் கணக்கிலோ அது வெறும் புறம்போக்கு!

இப்படிப்பட்ட கரையில் ஒருவர் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் நேர்வது என்ன? அவருடைய நிலத்தில் ஏறவேண்டிய தண்ணீர் அண்டை வீட்டுத் திண்ணையில் ஏறும். இறால் குட்டைக்காகப் பள்ளம் தோண்டி வரப்பு உயர்த்தினாலோ, உப்பு கசிந்து கிணற்றையும் வயலையும் கெடுக்கும். குட்டைக் கழிவு ஏரியில் விழும். ஆகையால், நீருக்கும் வீட்டுக்கும் பக்கத்து எல்லைக்கும் எத்தனை தூரம் விட்டு மண்ணைத் தொடலாம் என்பது எஞ்சினீயர்களுக்கு மட்டும் உரிய நுட்ப விஷயமன்று. குப்பத்து ஜனங்களின் சோற்றுப் பிரச்னை அது.

இதைத் தேசத்துக்கு உணர்த்தியவர் காலஞ்சென்ற சர்வோதயத் தலைவர் ஸ்ரீ எஸ். ஜகந்நாதன். சுதந்திரப் போரில் சிறை சென்று, பின்னர் பூதான இயக்கத்தில் உழைத்த அவர், முதிர்ந்த வயதில் இறால் பண்ணைகளை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டின் படியேறினார். 1996ம் வருஷம் டிஸம்பர் 11ந் தேதி நீதிபதி குல்தீப் சிங்கும் நீதிபதி சாகிர் அகமதும் அளித்த தீர்ப்பில் பழவேற்காடு பெயர் குறித்தே சொல்லப்பட்டிருக்கிறது. சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் குட்டை வெட்டக் கூடாது. ஏற்கெனவே வெட்டியவற்றை 1997 மார்ச் 31ந் தேதிக்குள் இடித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. கையில் தீர்ப்பு வந்துவிட்டதென்று குப்பங்கள் மகிழ்ந்தது இயல்பே.

ஆனால் 2005ம் வருஷம் பார்லிமெண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் விட்டால் போதும் என்றது அது. அன்று நடந்துகொண்டிருந்த பண்ணைகளுக்கு அந்தத் தடையும் பொருந்தாது என்றது. அதையொட்டிய விதிமுறைகளில் நல்ல அம்சங்கள் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம். 500 பேருக்குக் குறைந்த குடியிருப்பிலிருந்து 100 மீட்டர், அதற்கு மேற்பட்ட கிராமத்திலிருந்து 300 மீட்டர், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் விடவேண்டும். வெள்ள வடிகாலுக்குக் குறுக்கே பண்ணை கூடாது. விதி நல்லதுதான். சங்கிலி பிடித்து அளப்பவர் யார்?

கழிக்கரையில் கட்டடம் எழுப்பும் விஷயம் இன்னும் விசித்திரமானது. 1991ம் வருஷத்துக் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு, ஆறு, கழி, காயல் கரைகளில் 100 மீட்டர் விடச் சொல்லிற்று. 1994ல் மத்திய சர்க்கார் அதை 50 ஆக்கினர். குறைத்ததற்குத் தக்க காரணம் காட்டவில்லையென்று 1996 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது. 2019 ஜனவரியில் வெளிவந்த புதிய அறிவிப்பில் அதே 50 மீட்டர் திரும்பி வந்துவிட்டது. கழியின் அகலம் அதற்குக் குறைவானால் அந்த அகலமே போதுமாம்! இருபத்து மூன்று வருஷத்தில் கழியும் கடலும் சாதுவாகிவிட்டனவா? 2004ம் வருஷத்துச் சுனாமியைக் கண்ட குப்பங்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

தெற்கே காட்டுப்பள்ளியில் சுமார் 330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்க அதானி கம்பெனியார் வகுத்த திட்டமும் இக்கணக்கில் சேர்ந்ததே. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலையே மண்ணிட்டுத் தூர்ப்பதாகும். கடலே நிலமாகும்போது கரையிலிருந்து தூரம் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2021 ஜனவரி 22ந் தேதிக்கும், பிறகு 2023 ஸெப்டம்பர் 5ந் தேதிக்கும் குறித்த பொதுஜன விசாரணைகள் இரண்டும் ஒத்திவைக்கப்பட்டன. குப்பத்து ஜனங்களின் எதிர்ப்பு எத்தகையதென்று அதிகாரிகள் அறியாதவர்களல்லர்.

இறால் வளர்ப்பே வேண்டாம், துறைமுகமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அன்னியச் செலாவணியின் அருமையும் நமக்குத் தெரியும். ஏரிக்கரையில் மண்ணைத் தொடுமுன் அளவு தீர்மானமாக வேண்டும் என்கிறோம். மழைக்கால வெள்ளம் ஏறும் இடத்திலிருந்து அந்த அளவு தொடங்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து மட்டும் அளந்தால் போதாது. மண்ணிட்டு மேடாக்குவதையும் கட்டடம் கட்டுவதாகவே சட்டம் கருத வேண்டும். சென்னையில் வரைபடம் தீட்டுவதோடு நில்லாமல், ஊராரும் பஞ்சாயத்தாரும் கூடியிருக்க, குப்பந்தோறும் எல்லைக் கல் நடவேண்டும். வரும் வடகிழக்குப் பருவமழையின்போதே திருவள்ளூர் ஜில்லா கலெக்டர் அளவுகாரர்களை அனுப்பி, தண்ணீர் நிற்கும் இடத்தை நேரில் குறித்துக்கொள்ளச் செய்யலாம். இதற்குப் புதுச் சட்டமொன்றும் தேவையில்லை.