மூன்று வாரம் என்றார்கள்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்பிரியா மலைப்பகுதியில் செம்மறி வளர்ப்பே சிறு விவசாயிகளின் பிழைப்பு. 1986 ஏப்ரல் 26-ல் சோவியத் ஒன்றியத்தில் செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றில் வந்த சீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் மே மாத மழையோடு அம்மலைப் புல்லில் இறங்கி, மேய்ந்த ஆடுகளின் இறைச்சியிலும் ஏறிற்று. ஜூனில் அரசு ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை விதித்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று அறிவித்தார்கள்.

கணக்கு தவறியது மண்ணில்தான். களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு விடாது. விஞ்ஞானிகள் அதை வைத்தே கணித்திருந்தனர். மலையிலோ மக்கு நிறைந்த புளிப்பு மண். சீசியம் ஆண்டுதோறும் புல்லுக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு பென்டோனைட் என்ற களிமண் தூளைத் தூவி, ஆடுகளை வேலிக்குள் மேயவிட்டுச் சோதித்தனர். திறந்த மலையில் மேய்ந்து பழகியவை அடைத்தால் இளைக்கும் என்று ஆடு வளர்ப்போர் எச்சரித்தனர். யாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் சோதனை கைவிடப்பட்டது, காரணமும் அதுவே.

மழையையும் சந்தையையும் நம்பி வாழ்பவர்களுக்கு, ‘உறுதியாகத் தெரியாது’ என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். சொல்லாததால் சந்தேகம் வளர்ந்தது. 1957-ல் தீப்பிடித்த விண்ட்ஸ்கேல் அணு உலை அருகிலேயே இருந்தது. அதன் கசிவை மறைக்கிறார்களோ என்றும் பேசிக்கொண்டனர்.

கம்பிரியாவில் கடைசித் தடை நீங்கியது 2012 ஜூனில்.