உங்கள் எம்.எல்.ஏ. எழுந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடம்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் இருக்கிறார். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனால் பேச்சுக் கொடுக்க முடியாது. மடியில் நாற்பது பக்க நோட்டு, காதில் செருகிய பேனா, எதிரே டிவி. நோட்டில் டிரிப் ஷீட் போலவே கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்திருப்பார். கேட்டது யார், கேட்டது என்ன, கிடைத்த பதில் என்ன. அவ்வளவுதான்.

ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேரவைத் தலைவர் குறளும் பொருளும் சொல்லி முடித்ததும் கேள்வி நேரம் தொடங்கியது. ஓர் உறுப்பினர் எழுந்தார். தலைவரை வணங்கி, தொகுதி மக்களை வணங்கி, அமைச்சரைப் புகழ்ந்து முடிப்பதற்குள் ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டது. பிறகு, "எனது தொகுதியில் ஆற்றின் குறுக்கே பாலம் அமைக்க அரசு முன்வருமா?" என்றார். "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. உறுப்பினர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அண்ணாச்சி மூன்றாவது கட்டத்தில் ஒரு சுழி போட்டார்.

அடுத்து இன்னொருவர். அதே துறை, வேறொரு பாலம். அவர் புகழவில்லை. "இதற்கான மதிப்பீடு தயாராகி எத்தனை மாதம் ஆயிற்று? நில எடுப்பில் சிக்கல் உண்டா, இல்லையா?" என்றார். அமைச்சர் ஒரு நொடி தயங்கினார். அதிகாரிகள் பக்கமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டு, நில எடுப்பு முடியவில்லை, இன்னும் இவ்வளவு பரப்பு பாக்கி என்று எண்ணிக்கையோடு சொன்னார். அண்ணாச்சி அதை அப்படியே எழுதிக்கொண்டு, "இவன் வேலைக்காரம்ல" என்றார். அந்த உறுப்பினர் எந்தக் கட்சி என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

நம் பிரதிநிதியை நாமே எடைபோட வேண்டுமென்றால், பார்க்க வேண்டிய இடம், அச்சிட்ட கேள்விக்கு வந்த பதிலின் மேல் எழுந்து கேட்கும் இந்தத் துணைக் கேள்விதான். முதல் கேள்வி அச்சில் இருப்பது. அதற்கான பதிலும் துறை எழுதிக் கொடுத்தது. துணைக் கேள்வியை அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். தொகுதியை நடந்து பார்த்தவருக்கும் கோப்பைப் படித்தவருக்கும்தான் அது வாயில் வரும்.

இதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் உரை முதன்முறை நேரலையாக வந்தது 1989 டிசம்பரில். சோம்நாத் சாட்டர்ஜி மக்களவைத் தலைவராக இருந்தபோது 2006-ல் மக்களவைக்கென்றே தனித் தொலைக்காட்சி தொடங்கியது. மாநிலங்களவைக்கான தொலைக்காட்சி 2011-ல் வந்தது. இரண்டையும் இணைத்து 2021 செப்டம்பரில் சன்சத் டிவி ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் நெடுங்காலம் அரசு வெட்டிக் கொடுத்த காட்சித் துண்டுகளைத்தான் செய்திகளில் பார்த்துவந்தோம். முழு நேரலை கேட்டு லோக்சத்தா கட்சியைச் சேர்ந்தவரும் தேமுதிக தலைவர் விஜயகாந்தும் சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார்கள். கேள்வி நேரம் நேரலையாக வரத் தொடங்கியது 2022 ஜனவரி 6 அன்றுதான். இப்போது டிவி இல்லாதவரும் கைப்பேசியில் பார்க்கலாம். சன்சத் டிவியின் பழைய பதிவுகள் யூடியூபில் முழுசாகக் கிடக்கின்றன.

"ஓட்டு எப்படிப் போட்டார் என்று பார்த்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். ஆக, வாக்கெடுப்பில் தெரிவது கட்சியின் முடிவு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன. 'ஆம்' என்று ஒரு பக்கம், 'இல்லை' என்று ஒரு பக்கம், ஏற்கப்பட்டது என்று அறிவிப்பு. யார் எந்தப் பக்கம் என்ற பெயர்ப் பதிவு அதில் இல்லை. டிவிஷன் கேட்டால்தான் பெயர் வாரியாகப் பதிவாகும். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே அவை நிறைவேறின. நாட்டையே உலுக்கிய சட்டங்கள் அவை. ஆனால் அந்த அவையில் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று காட்டும் பட்டியல் கிடையாது. உறுப்பினரின் சொந்த உழைப்பு தெரிவது அவர் கேட்கும் கேள்வியிலும், கொண்டுவரும் திருத்தத்திலும், துறைக்கான நிதியைக் கோரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் வைக்கும் விவரத்திலும்தான்.

அமைச்சர்களின் பதிலைப் படிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். "பரிசீலனையில் உள்ளது", "ஆவன செய்யப்படும்", "நிதிநிலைக்கேற்ப" என்றால் கையில் ஒன்றுமில்லை என்று பொருள். "கேள்வி எழவில்லை" என்றால் மறுப்பு. "நடப்பாண்டில் இத்தனை லட்சம் ஒதுக்கி, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது" என்றால் அது பிடித்துக்கொள்ள வேண்டிய சொல். அண்ணாச்சி இந்த மூன்றாவது வகைக்கு மட்டும் அடியில் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்கும், 230 கேள்விகள் எழுத்துப் பதிலுக்கும் பட்டியலாகின்றன. எவை வாய்மொழிப் பட்டியலில் வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. உங்கள் எம்.பி. திரையில் வரவில்லை என்பதற்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எழுத்துக் கேள்விகளும் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயர் வாரியாக இருக்கின்றன. வருகைப் பதிவையும் பார்க்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, அவர்கள் கேள்வி கேட்பவர்களும் அல்ல, பதில் சொல்பவர்கள். தேர்தல் நேரத்தில் அமைச்சராக இருந்தவரின் பெயரைப் போட்டு "கேட்ட கேள்வி பூஜ்யம்" என்று ஒரு படம் வாட்ஸ்ஆப்பில் சுற்றினால் அது ஏமாற்று.

அதைவிடப் பெரிய ஆபத்து நாற்பது நொடி வீடியோ. ஐந்து மணி நேர விவாதத்தில் ஒருவர் கத்திய ஓரிடத்தை மட்டும் வெட்டி, இசை சேர்த்து, "வச்சு செஞ்சுட்டார்" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். எதிரில் இருந்தவர் அதற்குச் சொன்ன பதில் அந்தத் துண்டில் இருக்காது. ஒரு கட்சி ஐடி விங் ஒன்றை வெட்டினால், மறு கட்சி வேறொன்றை வெட்டும். இரண்டையும் பார்த்தவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். இதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு. வெட்டப்பட்ட வீடியோ பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதிலிருப்பது அவர் பேசியதுதான், ஆனால் முன்னும் பின்னும் இல்லை. அப்படி ஒன்று வந்தால் தேதியைப் பாருங்கள். அந்த நாளின் முழுப் பதிவைத் தேடி, அந்த இடத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலிருந்து ஓடவிடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அதை யாருக்கும் அனுப்பாமலாவது இருங்கள்.

கேமராவையே நிறுத்திவிட்டால் முழுப் பதிவைத் தேடவும் வழியில்லை. 2014 பிப்ரவரி 18 அன்று தெலங்கானா மசோதா மக்களவையில் நிறைவேறியபோது நேரலை நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். ஒரு மாநிலம் பிறந்த வேளையை நாடு பார்க்க முடியவில்லை. தமிழ்நாட்டிலும் தங்கள் பேச்சு நேரலையில் துண்டிக்கப்படுகிறது என்று எதிர்க்கட்சி புகார் சொன்னது, நீதிமன்றம்வரை போனது. அமளி நடக்கும்போது திரையில் அவைத் தலைவரின் முகம் மட்டும் தெரிவது நாடாளுமன்றத்தில் வழக்கம். எந்தக் கேமராவை எப்போது காட்டுவது என்று முடிவு செய்வது நாமல்ல. ஆகவே திரையில் திடீரென ஓசை நின்றால், காட்சி மாறினால், அந்த நேரத்தையும் குறித்துவையுங்கள். அன்றைய அவைக் குறிப்பும் மறுநாள் நாளிதழ்களும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

பார்ப்பது உரிமையா, சலுகையா? அவை நடவடிக்கையை நேரலையில் காட்டியே தீர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் எழுதிவைக்கவில்லை. ஆனால் வேட்பாளரின் பின்னணியை அறிவது வாக்காளரின் உரிமை, அது பேச்சுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொல்லிவிட்டது. நிற்கும்போது அறிய உரிமை உண்டென்றால், ஜெயித்து உள்ளே போனபின் என்ன செய்கிறார் என்று அறிய உரிமை இல்லாமல் போகுமா? இது என் கருத்து. இந்தக் கருத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அவையில் நடந்ததை உள்ளபடி வெளியிடுவதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதற்கு ஒரு கதையும் இருக்கிறது. பெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1956-ல் சட்டமானது அது. நாடாளுமன்ற நடவடிக்கையை உண்மையாக, கெட்ட நோக்கமில்லாமல் வெளியிடும் பத்திரிகைமீது வழக்குப் போட முடியாது என்றது. நெருக்கடி நிலையின்போது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு 1976-ல் அதை நீக்கியது. 1977-ல் வந்த ஜனதா ஆட்சி மீட்டுக் கொடுத்தது. 1978-ன் 44-வது திருத்தம் 361ஏ என்ற பிரிவாக அரசமைப்புச் சட்டத்திலேயே அதைச் சேர்த்து, சட்டமன்றங்களுக்கும் விரித்தது.

அந்தப் பிரிவு பேசுவது பத்திரிகையையும் ஒலிபரப்பையும் பற்றி. கைப்பேசியில் பகிரும் தனிநபரின் பெயர் அதில் இல்லை. ஆகவே ஒன்றில் கவனமாக இருங்கள். அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்களை நேரலையில் நீங்கள் கேட்டிருக்கலாம். ஆனால் நீக்கிய பிறகு அதைப் பரப்புவது அவையின் உரிமை மீறலாகலாம். எது உரிமை மீறல் என்று முழுமையாக எழுதிவைத்த சட்டம் நம் நாட்டில் இல்லை. 1987-ல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு நம் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்துச் சில நாட்களில் விடுதலையானார் என்றாலும், அவர் சிறைக்குள் போனது போனதுதான். உறுப்பினரின் வேலையை விமர்சியுங்கள், அவர் கேள்வியை, பதிலை, வராத நாளை எழுதுங்கள். நீக்கப்பட்ட வசையை மட்டும் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்.

இனி, பார்த்ததை வைத்து என்ன செய்வது? ஐந்தாண்டுக்கு இடையில் எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ திரும்பப் பெறும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் அவையில் அமைச்சர் தந்த உறுதி காற்றில் போகக்கூடாது என்பதற்காகவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மக்களவையில் தந்த உறுதியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும் என்பது நடைமுறை. நம் சட்டப்பேரவைக்கு மனுக்கள் குழுவும் உண்டு. மாவட்டங்களுக்கு வந்து பொதுப் பிரச்சினைகள் மீதான மனுக்களை ஆய்வு செய்கிறது. குழு வரும் செய்தி நாளிதழில் வரும்.

எல்லாவற்றையும்விட எளிது தகவல் உரிமைச் சட்டம். அண்ணாச்சி செய்வது இதுதான். அடிக்கோடு போட்ட பதிலுக்கு ஆறு மாதம் பொறுப்பார். பிறகு அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதுவார்: "இந்தத் தேதியில் சட்டப்பேரவையில் இந்தக் கேள்விக்குத் தங்கள் துறை அமைச்சர் அளித்த பதிலின் மீது இன்றுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? மதிப்பீட்டின் நகல், அரசாணையின் நகல், ஒதுக்கிய தொகை, செலவான தொகை ஆகியவற்றைத் தரவும்." பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்புவார். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கிடைத்த பதிலை ஒரு நகல் எடுத்து, எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கையில் கொடுத்து, அடுத்த கூட்டத்தொடரில் இதைத் துணைக் கேள்வியாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார். ஒருமுறை அப்படிக் கொடுத்த தாளை உறுப்பினர் அவையில் கையில் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவர் வீட்டு டிவியில் நானும் பார்த்தேன். அவர் போட்ட மடிப்புகூட மாறவில்லை.

அடுத்த கூட்டத்தொடர் அறிவிப்பு வரும்போது, எல்லா நாளும் வேண்டாம், உங்கள் ஊருக்குத் தேவையான துறையின் மானியக் கோரிக்கை வரும் ஒரே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மூன்று கட்டம் போட்டு, பத்து மணிக்கு உட்காருங்கள்.