மட்டம் காட்டும் ஒளிக்கோடு

வீடு கட்டுதல் என்பது ஒரு குடும்பத்தார் தம் வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறையே மேற்கொள்ளும் பெருங்காரியமாகும். அதில் இறங்குவோர் செங்கல், மணல், கம்பி, மரம் ஆகியவற்றின் கிரயத்தைப் பலரிடம் விசாரித்து அறிகின்றனர். மட்டத்தைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே. அது கொத்தனார் பாடு என்று விட்டுவிடுவதே வழக்கம். நம் கலாசாலையின் பழைய மாணாக்கருட் பலர் இன்று புதுச்சேரி நகரத்திலும், முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, அரியாங்குப்பம் முதலிய இடங்களிலும் புதுவீடு கட்டுவோராகவும், பிதிரார்ஜிதமான பழைய வீட்டைப் புதுக்குவோராகவும் இருக்கின்றனர். கடைகளில் இப்பொழுது மலிந்துள்ள லேசர் மட்டக் கருவியை வாங்கலாமா, வாங்கின் எதனை வாங்குவது என்பது அவர்களிற் சிலர் நம்மை வினவிய வினா. விடையிறுக்குமுன், மட்டம் என்பது யாது என்பதைச் சிறிது ஆராய்வாம்.

அசைவின்றி நிற்கும் நீரின் மேற்பரப்பு எவ்வாறு அமைகின்றதோ அதுவே மட்டம். கயிற்றிற் கட்டிய குண்டு எந்நேரில் தொங்குகின்றதோ அதுவே தூக்கு. இவ்விரண்டும் பூமியின் ஈர்ப்பு ஒன்றினின்றே பிறப்பன. ஆதலின் மட்டம் காட்டும் கருவி எதுவாயினும், அவ்வீர்ப்பை உணரும் உறுப்பொன்று அதனுள் இருந்தே தீரும். லேசர் கருவியும் இதற்கு விலக்கன்று. ஒளி தானாக மட்டத்தை அறிவதில்லை. அறிந்ததை நெடுந்தூரம் கொண்டுசெல்வதே அதன் தொழில்.

நம் நகரம் கடலோரத்துச் சமதரையில் அமைந்தது. நீர் தானே ஓடுவதற்குரிய சரிவு இங்குக் குறைவு. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபொழுது, ஒரு நாட்பொழுதில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. எவ்வீட்டு வாசற்படி தெருவினும் நான்கு விரற்கடை உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பதை அன்றைக்கு யாவரும் கருவியின்றியே அறிந்துகொண்டனர். மொட்டைமாடியில் நீர் தேங்கிச் சுவரில் ஓதம் ஏறுதலும், குளியலறை நீர் கூடத்தை எட்டிப்பார்த்தலும், அலமாரிக் கதவு தானே திறந்துகொள்ளுதலும் ஆகிய எல்லாம் மட்டப் பிழைகளேயாம். பூச்சும் வண்ணமும் பிழையாயின் மறுபடி செய்துகொள்ளலாம். தளமட்டம் பிழையாயின் இடித்தே திருத்தல் வேண்டும்.

கொத்தனார்கள் கையாளும் பழைய கருவிகள் மூன்று. தூக்குக் குண்டின் பெருமை யாவரும் அறிந்ததே. காற்று அடிக்கும் மாடியில் அது ஆடிக்கொண்டே இருக்கும் என்பதைத் தவிர அதனிடம் குறை காண்டற்கில்லை. இரண்டாவது ரசமட்டம். கண்ணாடிக் குழலில் குமிழியை அடைத்து மட்டம் காணும் இவ்வுபாயத்தை 1661-ஆம் ஆண்டளவில் கண்டவர் மெல்கிசெதெக் தெவனோ என்னும் பிரெஞ்சுக்காரர். பிரான்ஸ்வா மர்த்தேன் புதுச்சேரிக்கு வந்து தங்கியது 1674-இல் ஆதலின், ரசமட்டம் நம் பிரெஞ்சு நகரத்திற்குப் பதின்மூன்று வயது மூத்தது எனலாம். பெயர் ரசமட்டமாயினும் அதனுள் பாதரசம் இல்லை. இருப்பது பெரும்பாலும் சாராய இனத்தைச் சார்ந்த திரவமே. இரண்டு மூன்று அடி நீளத்திற்கு இதனினும் நம்பத்தக்க துணை இல்லை. ஆயினும் இருபதடிச் சுவரில் இதனை அடுத்தடுத்து வைத்துச் செல்லின், ஒவ்வோரிடத்தும் நேரும் சிறு பிழைகள் கூடிக் கடைசியில் ஒரு விரற்கடை ஆகிவிடுதலும் உண்டு.

மூன்றாவது, 'டியூப் லெவல்' என்று வழங்கும் நீர்க்குழாய். இதனை எளிதென்று இகழ்தல் ஆகாது. ஒரே நீரால் நிரம்பிய குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது பள்ளிச் சிறுவரும் படித்த பௌதிக விதி. சுவருக்கு அப்பாலும், மூலை திரும்பியும், ஓர் அறையினின்று மற்றோர் அறைக்கும் மட்டத்தைக் கொண்டுசெல்ல இது வல்லது. ஒளியோ மூலை திரும்பாது. இதன் சத்துருக்கள் இரண்டு: குழாயின் நடுவே சிக்கிய காற்றுக்குமிழி ஒன்று, குழாயின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் கிடத்தல் மற்றொன்று. முன்னதை விரலாற் சுண்டி வெளியேற்றலாம். பின்னதைக் காலைவேளையில் வேலை செய்து தவிர்க்கலாம்.

இக்கருவிகளைக் கொண்டே நம் நகரத்தின் சிறந்த கட்டடங்கள் எழுந்தன. அன்டோனின் ரேமண்ட் திட்டமிட, ஜார்ஜ் நகாஷிமா, பிரான்டிசெக் சாமர் என்போர் உடனிருந்து 1937-இல் தொடங்கிய அரவிந்தாசிரமத்துக் கோல்கொண்ட் விடுதியைத் தெருவினின்றே பார்க்கலாம். அதன் முகப்பு முழுதும் கிடையாக அடுக்கிய பலகைத் தகடுகளே. ஒரு வரிசை சற்றுச் சாய்ந்திருப்பினும் வழிப்போக்கர் கண்ணுக்கே புலப்பட்டுவிடும். லேசர் ஒளியை மைமன் என்பார் முதன்முதல் உண்டாக்கியதோ 1960-இல்தான். ஆகவே இக்கருவி இன்றி வீடு கட்ட இயலாது என்று கடைக்காரர் சொல்லின், அதனை நாம் நம்ப வேண்டுவதில்லை.

எனினும் லேசரின் உபயோகம் பெரிது. நண்பகலிற் கோல் நட்டு நிழல் நோக்கித் திசை குறித்து, பின் கயிறிட்டு அரண்மனை வகுத்த செய்தி நெடுநல்வாடையிற் காணப்படுதலின், ஒளியைக் கொண்டு கட்டடம் வகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. இக்கருவியின் உள்ளே ஒரு சிறு ஊசல் தொங்குகின்றது. காந்தத்தால் அதன் ஆட்டம் விரைவில் அடங்குகின்றது. ஊசலிற் பொருத்திய விளக்கினின்று புறப்படும் கதிரை ஒரு கண்ணாடி விசிறிபோல் விரித்துச் சுவரிற் கோடாகக் காட்டுகின்றது. முக்காலி சற்றே சாய்ந்திருப்பினும், 3 அல்லது 4 பாகை அளவிற்குள் கருவி தானே திருந்திக்கொள்ளும். அதனினும் மிகின் கோடு மினுக்கி எச்சரிக்கும்.

இனி, தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவாம். வாங்குவோர் முதலில் கேட்க வேண்டுவது கோடுகளின் தொகையன்று, பிழையின் அளவே. வீட்டு வேலைக்குரிய கருவிகளிற் பெரும்பாலன 10 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் வரை பிழையை ஒப்புக்கொள்கின்றன. நான்கு மீட்டர் அறையில் அது 1 மில்லிமீட்டரை ஒட்டியதேயாதலின், அலமாரி பொருத்தவும், மேற்சுவர் ஓடு பதிக்கவும், பொய்க்கூரை தொங்கவிடவும் போதும். வீட்டு அஸ்திவாரம் முழுவதற்கும் மட்டம் காண அது போதாது. அதற்குத் தொலைநோக்கியும் அளவுகோலும் கூடிய 'ஆட்டோ லெவல்' கருவியை வைத்திருப்பவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொள்ளுதலே முறை. வீடொன்று கட்டுபவர் சுழலும் லேசரை விலைகொடுத்து வாங்குதல் வீண் செலவென்பது நம் கருத்து.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கண் பகலொளியில் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பசுமையை. பச்சை லேசர் 520-ஐ அடுத்தும், சிவப்பு 635 முதல் 650 வரையிலும் ஒளிர்தலின், ஒரே வலிமையில் பச்சைக்கோடு பன்மடங்கு தெளிவாய்த் தோன்றும். ஆனால் பச்சை மின்கலத்தை விரைவில் உண்டுவிடும். சன்னல் திறந்து வெளிச்சம் நிரம்பிய கூடத்தில் வேலை செய்வோர் பச்சையை வாங்குக. புதுச்சேரி உச்சிவெயிலில் முற்றத்திலும் மாடியிலும் பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. அங்குக் கதிரை உணர்ந்து ஒலியெழுப்பும் 'ரிசீவர்' வேண்டும், அல்லது அந்திவரை காத்திருத்தல் வேண்டும். கருவியோடு கொடுக்கும் வண்ணக் கண்ணாடி, கோட்டைத் தெளிவாக்குமே அன்றிக் கண்ணைக் காக்காது.

பன்னிரண்டு கோடு, பதினாறு கோடு என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது மயக்கத்தக்கது. பன்னிரண்டு என்பது பெரும்பாலும் அறையைச் சுற்றிவரும் மூன்று வளையங்களே. ஒவ்வொன்றையும் நான்கு துண்டாக எண்ணுகின்றனர். ஒரு கிடைக்கோடும் ஒரு நெடுக்கோடும் குறுக்கிடும் எளிய கருவியே பலருக்குப் போதும். தரை ஓடு பதிப்பதைத் தொழிலாகக் கொண்டோர்க்கு மட்டும் வளையங்கள் பயன் தரும்.

விலையினும் பெயரினும் முக்கியமானது பரீக்ஷை. கடையிலேயே இதனைச் செய்தல் கூடும். கருவியை மேசைமேல் வைத்து எதிர்ச்சுவரிற் கோடு விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கருவியை இருந்த இடத்திலேயே சிறிது சிறிதாகத் திருப்புக. கோட்டின் இடப்பாகம், நடு, வலப்பாகம் மூன்றும் அதே குறியின்மேல் விழுதல் வேண்டும். நெடுக்கோட்டைத் தூக்குக் குண்டின் கயிற்றோடு ஒப்பிடுக. வீட்டிற்கு வந்தபின் செய்யத்தக்க முழுச் சோதனையாவது: ஐந்து மீட்டர் இடைவெளியுள்ள இரு சுவர்களில் முதற்சுவரின் அருகே கருவியை வைத்து, இரு சுவர்களிலும் கோட்டைக் குறிக்க. பின்னர் இரண்டாம் சுவரின் அருகே கொண்டுபோய், அங்குள்ள குறியில் கோடு பொருந்துமாறு உயரத்தைச் சரிசெய்து, முதற்சுவரை நோக்குக. பழைய குறிக்கும் புதிய கோட்டிற்கும் உள்ள வேற்றுமை, 10 மீட்டரில் நேரும் பிழையாகும். அது 3 மில்லிமீட்டருக்குட்படின் வைத்துக்கொள்க. மேற்படின் திருப்பிக் கொடுக்க. கருவி கீழே விழுந்த ஒவ்வொரு முறையும் இச்சோதனையை மறுபடி செய்தல் வேண்டும். விழுந்த கருவியும் பொய்யை நேர்கோடாகவே காட்டும்.

எக்கருவி வாங்கினும், வீடு முழுதும் ஒரே ஆதார மட்டத்தினின்றே அளத்தல் வேண்டும். பிரான்ஸ் தேசத்துக் கட்டடத் தொழிலாளர், முடிந்த தரைக்குச் சரியாக 1 மீட்டர் உயரத்தில் எல்லாச் சுவர்களிலும் ஒரு கோடு இடுவர். சன்னல், மின்விசைப் பொத்தான், சமையல் மேடை யாவும் அக்கோட்டினின்றே அளக்கப்படும். இவ்வழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாம். ஓர் அறையில் லேசராற் கோடிட்டு, அடுத்த அறைக்கு நீர்க்குழாயால் கொண்டுபோய், அங்கு மீண்டும் லேசரை வைக்க. புதிதும் பழையதும் இவ்வாறு கூடுமிடத்து வேலை செம்மையாகும். தெரு ஒவ்வொரு முறை செப்பனிடப்படும்பொழுதும் உயர்ந்துகொண்டே போவதால், தரைமட்டத்தைத் தெருவுக்கு ஒப்பிட்டு முடிவுசெய்வோர் பல ஆண்டு முன்னோக்கியே முடிவுசெய்க.

சிலர் மட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் வாட்டத்தை மறந்துவிடுகின்றனர். குளியலறையும் மொட்டைமாடியும் மட்டமாக இருத்தல் ஆகாது. மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் அளவாவது நீர்வாயை நோக்கித் தாழ்தல் வேண்டும். ஒளிக்கோட்டை மேலே நிலைநிறுத்தி, அதனினின்று கீழே அளந்து, மூன்று மீட்டர் அப்பால் 3 சென்டிமீட்டர் தாழ்ந்துளதா எனப் பார்ப்பதே எளிய முறை.

பழைய வீடுகளின் விஷயம் வேறு. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்ற வைசியாள் வீதியில் உள்ளவை போன்ற தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் அமைந்த வீடுகளில், சுண்ணாம்புச் சுவர்கள் கையாற் பூசப்பட்டவை. காலத்தால் சிறிது அமுங்கியும் இருக்கும். அங்கு லேசரை வைத்தவுடன் உத்திரம் ஒரு பக்கம் சாய்ந்தது போலவும், சுவர் வயிறு தள்ளியது போலவும் காட்டும். அதனைக் கண்டு வீட்டையே இடித்து நிமிர்த்தத் தொடங்குவோர் உளர். இது பெருந்தவறு. புதிதாக வைக்கும் அலமாரியும் மேடையும் மட்டமாக நிற்கட்டும். சுவருக்கும் அவற்றிற்கும் இடையே விழும் ஆப்பு வடிவான இடைவெளியைத் தச்சர் மரச்சட்டத்தைச் சுவரின் நெளிவுக்கேற்பச் செதுக்கி மறைத்துவிடுவார். ஆனால் ஓடுகளின் வரிசையோ, பொய்க்கூரையின் விளிம்போ பழைய உத்திரத்தை ஒட்டி ஓடுமிடத்து, மட்டத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து உத்திரத்தைப் பின்பற்றுதலே கண்ணுக்கு இனிது. சாய்ந்த உத்திரத்தின் கீழ்ச் சாயாத கோடு ஓடின், சாய்ந்ததாகத் தோன்றுவது புதிய கோடே.

கருவியை வாகனத்தில் எடுத்துச் செல்கையில் ஊசலைப் பூட்டிவைக்க. பூட்டாவிடின் தெருக்குழிகளில் அடிபட்டு நுட்பம் கெடும். வேலை தொடங்குமுன் பூட்டைத் திறந்தோமா என்பதையும் பார்க்க. பூட்டிய கருவியும் கோடு காட்டும், அது மட்டக்கோடன்று. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட இரண்டாம் வகுப்பு என்னும் குறி கருவியின்மேல் உளதா என நோக்குக. கண்ணிமை தானே மூடிக் காக்கும் அளவே அது. ஆயினும் குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்தம் கண்மட்டத்திற் கோட்டை விட்டுவைத்தல் கூடாது. வேலை முடிந்து நெடுநாள் பெட்டியில் வைப்பதாயின் மின்கலத்தைக் கழற்றித் தனியே வைக்க. நம் கடற்காற்றில் அதன் முனைத்தகடுகள் விரைவிற் களிம்பேறிவிடும்.