வார்டில் ஒரு நடுப்படி – 7: சொல்லாமல் எண்ணும் மூச்சு

உதவியாளருக்கு மேலே, பதிவு பெற்ற நர்ஸுக்குக் கீழே, நர்சிங் அசோசியேட் என்ற நடுப்படி. இங்கிலாந்தில் உண்டு. இரண்டு வருஷப் படிப்பு. 2019 ஜனவரி 28-இல் அவர்களுக்கான பதிவேடு திறந்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் மருந்துக் கணக்கு என்று சொல்லியிருந்தேன். ஆனால் நான்கு நாளாக மூச்சை விட்டு என்னால் நகர முடியவில்லை.

வார்டில் பிரஷருக்கு இயந்திரம் இருக்கிறது, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சுக்குப் பெரும்பாலும் கண்ணும் கடிகாரமும்தான். மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். எண்ணப்போவதை நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து கையை எடுப்பதில்லை. விரல் நாடியில், பார்வை மார்பில். நாடிதான் இன்னும் பார்க்கிறார்கள் என்று நோயாளி அமைதியாகப் படுத்திருப்பார்.

வீட்டில் செய்து பார்த்தேன். அம்மா தூங்கும்போது 15. விழித்ததும் சொல்லிவிட்டு எண்ணினேன்: 11.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய 'நியூஸ்' என்ற முன்னெச்சரிக்கை அட்டவணையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு என்றால் மதிப்பெண் பூஜ்யம். 21 ஆனால் 2. 25-ஐத் தொட்டால் 3. அது ஒன்றே ஆளைக் கூப்பிடப் போதுமான காரணம். எல்லா அளவுகளும் சேர்ந்து 7 ஆனால் அவசரக் குழு. பிரஷர் விழுவதற்கு முன்பே பல நேரம் மூச்சு வேகமெடுத்துவிடுகிறது. எண்ணாமலே 16, 18 என்று எழுதிவைக்கும் பழக்கம்தான் என்னைப் பதறவைக்கிறது. பராமரிப்புத் திட்டம் போடுவது நர்ஸின் பொறுப்பு. பக்கத்தில் இருந்து பார்த்து, உடல் மோசமாவதைக் கண்டதும் சொல்வது அசோசியேட்டின் வேலை. அந்த ஒரு நிமிடத்தை அவர் விட்டால், திட்டம் போடுபவருக்குத் தெரிய வழியே இல்லை.

இப்படி ஒரு நடுப்படி இங்கிலாந்தில் புதிது அல்ல. 1943-இன் நர்ஸ்கள் சட்டம் உதவி நர்ஸ்களுக்கு ஒரு பதிவேட்டை உண்டாக்கியது. பிறகு அவர்கள் 'என்ரோல்டு நர்ஸ்' ஆனார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த எத்தனையோ பெண்களை, வித்தியாசத்தைச் சொல்லாமலே, மூன்று வருஷப் படிப்புக்குப் பதில் என்ரோல்டு நர்ஸுக்கான இரண்டு வருஷப் படிப்பில் சேர்த்தார்கள். ஊர் திரும்பினால் அந்தத் தகுதி செல்லாது என்பது பலருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. இப்போதைய அசோசியேட் படிப்பை நர்ஸ் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படியில் எப்படி ஏறுகிறார்கள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மருந்துக் கணக்கு அடுத்த வாரம் நிச்சயம். அந்தத் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்ணை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: 100-க்கு 100.

(தொடரும்)